நாணயம் மாறும் இடத்தில் நழுவும் சல்லி



சந்தைக்குப் போனால் கத்தரிக்காய்க்குக்கூட பத்து ரூபாய் குறைத்துக் கேட்காமல் நம் வீட்டுப் பெண்கள் திரும்புவதில்லை. தராசின் முள்ளைப் பார்ப்பார்கள். மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுவார்கள். புடவைக் கடையில் ஒரு முழம் குறைந்தாலும் கண்டுபிடித்து விடுவார்கள். இவ்வளவு விழிப்பான கண்களுக்கும் தப்பிப் போகிற ஒரு செலவு இப்போது நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் சீனாவிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு பொருளை வாங்கும்போது, ரூபாய் டொலராக மாறுகிற அந்த ஒரு நொடியில் நழுவிப் போகிற சல்லியைத்தான் சொல்கிறேன்.

"மௌலவிக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நாணயத்தை நாணயத்துக்கு மாற்றுவதற்கு நம் ஃபிக்ஹு கிதாபுகளில் 'ஸர்ஃப்' என்று பெயர். அதைத் தொழிலாகச் செய்பவர் 'ஸர்ராஃப்'. அந்த அரபுச் சொல்தான் தமிழுக்கு வந்து 'சராப்பு' ஆனது. காசை எண்ணி, செல்லும் காசா செல்லாக் காசா என்று பார்த்துக் கொடுக்கிறவரைப் பழைய தமிழில் சராப்பு என்றே அழைத்தார்கள். ஆக, நாணய மாற்று என்பது நமக்குப் புதிய சங்கதியல்ல. முன்பு சராப்பு நம் கண்முன்னே உட்கார்ந்திருந்தார். இன்று அவர் திரைக்குப் பின்னே போய்விட்டார். அதுதான் வித்தியாசம்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். வுளூவும் தொழுகையும் நோன்பும்தான் பாடம். ஆனால் பாடம் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து வருகிற கேள்விகளில் பாதி கொடுக்கல் வாங்கல் பற்றியவை. அகுரணையிலும் மடவளையிலும் உடத்தலவின்னையிலும் எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தே அபாயா தைக்கிறார்கள், கேக் செய்கிறார்கள், பெருநாள் உடுப்புகளுக்குக் கல் பதிக்கிறார்கள். லேஸ், கல், பொத்தான், கேக் அச்சு என்று அவர்களுக்கு வேண்டிய சாமான்கள் பலவும் இன்று தொலைபேசி வழியாகத்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு விடை தேடி வங்கிக்கும் கிதாபுக்கும் நான் நடந்ததையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

சல்லி எங்கே நழுவுகிறது?

"ஹஸ்ரத், நான் நூறு டொலருக்குத்தான் சாமான் எடுத்தேன். டிவியில சொன்ன விலைக்குக் கணக்குப் பார்த்தா முப்பதாயிரம். வங்கிக் கடதாசியில அதுக்கு மேல போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?" என்று ஒரு சகோதரி கேட்டார்.

ஏமாற்று அல்ல; கட்டணம். கணக்கு விளங்குவதற்காக ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நூறு டொலர் 30,000 ரூபாய். நம் அட்டையில் விசா என்றோ மாஸ்டர் கார்ட் என்றோ எழுதியிருக்கும். அந்த நிறுவனங்கள் ஒவ்வொரு நாளும் தமக்கென ஒரு மாற்று விலையை வைக்கின்றன. அதற்கு மேல் நமக்கு அட்டை தந்த வங்கி, வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு என்று ஒரு வீதத்தைச் சேர்க்கிறது. வங்கிக்கு வங்கி இது வேறுபடும். நூற்றுக்கு மூன்று என்று கொண்டால் 900 ரூபாய். இதற்கு மேல் அரசாங்கத்துக்குச் சேரும் முத்திரை வரியும் வெளிநாட்டுச் செலவுக்கு விழலாம். பொதி வந்து சேரும்போது சுங்கத் தீர்வை கேட்டால் அது வேறு கணக்கு.

900 ரூபாய் பெரிய தொகையா என்று சிலருக்குத் தோன்றும். ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். நம் சேமிப்புக்கு ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது நூற்றுக்கு இரண்டரை. முப்பதாயிரத்துக்கு 750 ரூபாய். அதையும் நிஸாபு நிறைந்து ஓர் ஆண்டு கழிந்த பிறகுதான் கொடுக்கிறோம். றமழான் வந்தால் எத்தனை பேர் கணக்குக் கொப்பியோடு வந்து, "இதற்கும் ஸகாத் உண்டா, அதற்கும் உண்டா?" என்று நுணுகி நுணுகிக் கேட்கிறார்கள்! ஏழைக்குச் சேர வேண்டிய இரண்டரைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், வாங்குகிற ஒவ்வொரு முறையும் மூன்றைக் கேள்வி கேட்காமல் கொடுத்து விடுகிறோம். மாதம் நூறு டொலருக்குச் சாமான் எடுக்கும் ஒரு தையல்காரச் சகோதரிக்கு இது ஆண்டுக்கு 10,800 ரூபாய். அவருடைய இலாபத்திலிருந்து போகிற காசு அது. அபாயாவின் விலையைக் குறிக்கும்போது நூலையும் மின்சாரத்தையும் எண்ணியவர் இதை எண்ணியிருக்க மாட்டார்.

ரூபாயில் காட்டும் அன்பு

சில இணையக் கடைகள் விலையை டொலரில் காட்டிவிட்டு, பணம் செலுத்தும் இடத்தில் "இலங்கை ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும். நம் நாட்டு நாணயத்தைக் கண்டதும் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். "ரூபாயில் கொடுத்தால் மாற்றுக் கட்டணம் இருக்காதுதானே" என்று நினைத்து அதையே அழுத்தி விடுகிறோம்.

இங்கேதான் கவனம் வேண்டும். அப்போது நாணயத்தை மாற்றுவது உங்கள் வங்கியல்ல. கடைக்காரரோ, அவருக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனமோ மாற்றுகிறது. அவர்கள் தமக்கு விருப்பமான விலையை வைப்பார்கள். 300 ரூபாய் டொலரை 315 என்று கணக்கிட்டால், உங்கள் 30,000 ரூபாய்ச் சாமான் 31,500 ஆகிறது. வங்கி வழியாக மாற்றியிருந்தால் 30,900. இன்னும் ஒன்று உண்டு. கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் எடுத்தாலும் "எல்லை கடந்த கொடுக்கல் வாங்கல்" என்று சில வங்கிகள் ஒரு கட்டணத்தைப் போடும். அது நூற்றுக்கு ஒன்றாக இருந்தாலும் இன்னும் 315 ரூபாய். கட்டணத்தைத் தவிர்க்கப் போய் இரண்டு கட்டணம்!

ஆகவே பொதுவான வழி இதுதான்: வியாபாரி எந்த நாணயத்தில் விற்கிறாரோ அந்த நாணயத்திலேயே செலுத்துங்கள். டொலர் என்றால் டொலர். ரியால் என்றால் ரியால். மாற்றுகிற வேலையை உங்கள் வங்கி செய்யட்டும். பேபால் போன்ற இடைத்தரகர் வழியாகச் செலுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களே மாற்றித் தருவதாகத்தான் முதலில் திரை காட்டும். "என் அட்டை வங்கி மாற்றட்டும்" என்று தேர்ந்தெடுக்கவும் அங்கே ஓர் இடம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான். மக்காவிலோ மதீனாவிலோ இயந்திரத்தில் அட்டையைப் போட்டால், ரியாலில் கணக்கிடவா, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று சில இயந்திரங்கள் கேட்கும். களைப்பில் நிற்கும் உம்மாமார் பழகிய பெயரைக் கண்டு ரூபாயை அழுத்தி விடுகிறார்கள். ரியாலை அழுத்துங்கள். 1986ஆம் ஆண்டிலிருந்து ஒரு டொலருக்கு 3.75 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கும் நாணயம் சவூதி ரியால். அதன் பெறுமதியை டொலரை வைத்து யாரும் மனக்கணக்காகவே பார்த்து விடலாம். இயந்திரம் காட்டும் ரூபாய் விலை நியாயமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

குறுஞ்செய்தியில் ஒன்று, கடதாசியில் ஒன்று

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். வாங்கியவுடன் தொலைபேசிக்கு வந்த செய்தியில் ஒரு தொகை. மாத முடிவில் வந்த கணக்கில் வேறொரு தொகை. ஏன்?

நீங்கள் பொத்தானை அழுத்தும்போது வங்கி பணத்தை ஒதுக்கி மட்டும் வைக்கிறது. வியாபாரியின் கணக்கு வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அந்த நாளின் விலைக்கே இறுதிக் கணக்கு எழுதப்படும். நாணயம் அமைதியாக இருக்கும் காலத்தில் வித்தியாசம் சில ரூபாய்தான். ஆனால் 2022 மார்ச் 7ஆம் திகதியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்பு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலரை அன்றுதான் மத்திய வங்கி தளர்த்தியது. மே மாதத்தில் அது 360 ரூபாய் அளவுக்கு ஏறி நின்றது. அந்த வாரங்களில் திங்கட்கிழமை வாங்கிய பொருளுக்கு வியாழக்கிழமை விலையில் கணக்கு வந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

பொருளைத் திருப்பி அனுப்பும்போதும் இதே கதைதான். நீங்கள் வாங்கும்போது வங்கி உங்களுக்கு டொலரை விற்கிறது. பணம் திரும்பி வரும்போது உங்களிடமிருந்து வாங்குகிறது. விற்கும் விலை கூட, வாங்கும் விலை குறைவு. கட்டிய கட்டணமும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அளவு தெரியாத உடுப்பை, "பொருந்தாவிட்டால் அனுப்பி விடலாம்" என்ற நம்பிக்கையில் வெளிநாட்டிலிருந்து எடுக்காதீர்கள். அளவுநாடாவைக் கையில் எடுத்து, அந்தக் கடையின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எடுங்கள்.

வங்கியில் கேட்க வேண்டியவை

கண்டி நகரத்தில் வங்கிகளுக்கா பஞ்சம்? தலதா வீதியில் நடந்தாலே எத்தனையோ வங்கிகளைக் கடந்து போவோம். உள்ளே போய்க் கேட்கத்தான் நம் பெண்களுக்குத் தயக்கம். நான் இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். கேட்டால்தான் சொல்வார்கள் என்பதும் விளங்கியது.

முதலாவது, வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் எத்தனை வீதம் சேர்க்கிறீர்கள்? இரண்டாவது, வெளிநாட்டுக் கடை ரூபாயில் எடுத்தாலும் கட்டணம் உண்டா? மூன்றாவது, வீதம் போக ஒவ்வொரு தடவைக்கும் குறைந்தபட்சத் தொகை என்று ஏதாவது உண்டா? நாலாவது, டெபிட் அட்டைக்கும் கிரடிட் அட்டைக்கும் ஒரே கட்டணமா? இந்த நாலு கேள்விகளையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் இரண்டு வங்கி அட்டைகள் இருந்தால், வெளிநாட்டுச் சாமானுக்கு எதை எடுப்பது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியின் பயனைச் சொல்கிறேன். வீதக் கணக்கில் எடுக்கும் கட்டணம், பத்துத் தடவை பத்து டொலருக்கு வாங்கினாலும் ஒரே தடவையில் நூறு டொலருக்கு வாங்கினாலும் ஒன்றுதான். ஆனால் தடவைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை இருந்தால், பத்துச் சிறிய கொள்முதல்கள் உங்களைத் தின்றுவிடும். அப்படியானால் அயலிலுள்ள இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பது நல்லது. தபால் செலவும் பங்காகும். யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கடனை எழுதச் சொல்லும் ஆயத்துத்தான் குர்ஆனிலேயே நீளமான ஆயத்து என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கணவர் அல்லது மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், 'தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு' என்ற ஒன்றை வங்கியில் திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் டொலர் அங்கே டொலராகவே கிடக்கும். அந்தக் கணக்குக்கு அட்டை தருகிறீர்களா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். தந்தால், டொலரில் இருப்பதை டொலரிலேயே செலவிடலாம், மாற்றமே இல்லை.

இதன் பயனைக் கணக்கில் பாருங்கள். டொலரை வங்கி 296க்கு வாங்கி 304க்கு விற்கிறது என்று வைப்போம். மகன் அனுப்பிய நூறு டொலரை ரூபாயாக்கினால் உங்கள் கைக்கு 29,600. அதே நூறு டொலருக்குச் சாமான் எடுக்க 30,400 வேண்டும். போய்வந்த வழியில் 800 ரூபாய் போயிற்று. மேலே நூற்றுக்கு மூன்று என்றால் இன்னும் 912. டொலர் வீட்டுக்கு வந்து ரூபாயாகி, மறுபடி டொலராகி வெளியே போனதற்கு 1,712 ரூபாய்! அரிசி, மாவு, பள்ளிக்கூடச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ரூபாயாக்கி, வெளிநாட்டுச் சாமானுக்கு வேண்டியதை அப்படியே விட்டால் இது மிஞ்சும். கணக்கைப் பேணவும் அட்டைக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு தடவை வாங்குகிறவருக்கு இது பிரயோசனப்படாது.

கிரடிட் அட்டை பற்றி ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் இதை ஆராய்ந்து, வட்டி நிபந்தனையோடு கூடிய அட்டையை ஆகாது என்றது. செய்த சேவைக்கான நியாயமான குறித்த கட்டணத்தை அனுமதித்தது. கையில் இருக்கும் காசிலிருந்து எடுக்கும் டெபிட் அட்டை நமக்கு மனநிம்மதியான வழி. மாற்றுக் கட்டணத்தில் 900 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, கிரடிட் அட்டையின் பாக்கிக்கு வட்டி கட்டுகிறவர் ஓட்டையை அடைத்துவிட்டு கதவைத் திறந்து வைத்தவர் ஆவார். துன்யாவிலும் நட்டம், ஆகிரத்திலும் நட்டம்.

இரண்டு சகோதரிகளின் கணக்கு

"வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் தம் அட்டையால் கட்டிவிடட்டும், நாங்கள் இங்கே பார்த்துக் கொள்வோம்" என்பதுதான் நம் குடும்பங்களில் அதிகம் நடக்கும் வழி. கட்டணம் தப்புகிறது, உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு தெளிவு இல்லாவிட்டால் கட்டணத்தைவிடப் பெரிய பொருள் போய்விடும்.

2022இல் என்னிடம் வந்த ஒரு பிணக்கைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ராத்தா தோஹாவில் கணவரோடு இருக்கிறார். தங்கச்சி இங்கே, தையல் வேலை. அந்த ஆண்டு பெப்ரவரியில், நோன்புப் பெருநாள் வேலைக்கென்று தங்கச்சி 150 டொலருக்குக் கல்லும் லேசும் தெரிவு செய்ய, ராத்தா தம் அட்டையால் கட்டினார். அவர் கணக்கில் 546 கட்டார் ரியால் கழிந்தது. "சல்லியை ஆறுதலா தாங்க" என்றார் ராத்தா. "பெருநாள் முடிஞ்சதும் தாறேன்" என்றார் தங்கச்சி. எந்த நாணயத்தில் என்று இருவரும் பேசவில்லை. அன்று ஒரு கட்டார் ரியால் 55 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய் என்பது இருவர் மனதிலும் இருந்த கணக்கு.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மார்ச்சில் ரூபாய் விழுந்தது. மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. மின்சாரத் தையல் இயந்திரம் பாதி நாள் சும்மா கிடந்தது. ஓடர் கொடுத்தவர்களில் சிலர் வேண்டாம் என்று விட்டார்கள். மே 3ஆம் திகதி பெருநாள். அதன் பிறகு தங்கச்சி முப்பதாயிரத்தோடு உம்மாவிடம் போனார். ரியால் அப்போது 99 ரூபாய். 546 ரியாலுக்கு 54,000 ரூபாய்.

"நான் எடுத்தது முப்பதாயிரம் ரூபாய்ச் சாமான். ரூபாய் விழுந்தது என் குற்றமா, ஹஸ்ரத்?" என்று தங்கச்சி அழுதார். "என் மனுஷன் வெயில்ல உழைச்ச ரியால். முப்பதாயிரத்தை நான் ரியாலாக்கினா முந்நூத்திச் சொச்சம்தான் வரும். மிச்சம் எங்கே?" என்று தொலைபேசியில் ராத்தா கேட்டார். இரண்டு பேர் பேச்சிலும் பொய் இல்லை. இரண்டு மாதம் அவர்களுக்குள் ஸலாம்கூட இல்லை. நடுவில் நின்று கரைந்து போனவர் அவர்களுடைய உம்மா.

கிதாபில் விடை தெளிவாக இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃயில் ஒட்டகம் விற்பார்கள். தீனாருக்கு விற்று அதற்குப் பதிலாகத் திர்ஹம் வாங்குவதும், திர்ஹத்துக்கு விற்றுத் தீனார் வாங்குவதும் உண்டு. இது கூடுமா என்று, தம் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். அன்றைய நாளின் விலைக்கு எடுத்துக் கொள்வதில் தவறில்லை, பிரியும்போது இடையில் பாக்கி எதுவும் நிற்கக் கூடாது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது.

நம் காலத்து உலமாக்களும் கடதாசி நாணயங்களுக்கு இதையே வைத்தார்கள். அவை தங்கம் வெள்ளியைப் போலத் தனித்தனி நாணயங்கள் என்று ஃபிக்ஹு மன்றம் 1986இல் அம்மானில் சொன்னது. கடனை வாங்கிய நாணயத்திலேயே, வாங்கிய அளவே திருப்ப வேண்டும், பெறுமதி ஏறினாலும் இறங்கினாலும் சரி என்று 1988இல் குவைத்தில் சொன்னது. வேறு நாணயத்தில் தீர்க்க விரும்பினால், தீர்க்கும் நாளில் இருவரும் பொருந்தி அந்த நாளின் விலைக்குத் தீர்க்கலாம், முன்கூட்டியே விலையைப் பேசி வைக்கக் கூடாது என்று 1993இல் புருனையில் சொன்னது.

ஆக ராத்தா கொடுத்தது ரியால். தங்கச்சியின் பொறுப்பில் இருப்பதும் 546 ரியால். இதை நான் இருவருக்கும் ஒன்றாகவே சொன்னேன். தங்கச்சியின் முகம் வாடிப் போயிற்று. உடனே அடுத்த பக்கத்தையும் சொன்னேன்: கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்வதும் அதே குர்ஆன்தான், விட்டுக் கொடுத்தால் அது ஸதகா. சட்டம் ராத்தாவின் பக்கம். ஆனால் சட்டத்துக்கு மேலே இஹ்ஸான் என்று ஒன்று இருக்கிறது.

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு ஏலுமான நேரம் தரட்டும்" என்றார். எப்போது கொடுத்தாலும் இத்தனை ரியால் என்று எண்ணி, அன்றைய விலைக்கு ரூபாயை உம்மாவின் கையில் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒரு கொப்பியில் உம்மாவே எழுதினார். முதல் இருநூறு ரியால் அந்த ஆண்டிலேயே உயர்ந்த விலைக்குப் போனது. மிச்சத்தைக் கொடுக்கும்போது 2023 நடுப்பகுதி. டொலர் 300 ரூபாய்ப் பக்கம் இறங்கியிருந்தது. ரியாலும் கூடவே இறங்கியது. ஏறிய விலையில் கொடுத்தவருக்கு இறங்கிய விலையும் கிடைத்தது. கடைசி 46 ரியாலை ராத்தா விட்டுவிட்டார். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ராத்தாவின் பிள்ளைகளுக்குத் தங்கச்சி தைத்த உடுப்புகள் தோஹாவுக்குப் போயின என்று கேள்விப்பட்டேன்.

அரபுக் கல்லூரியில் 'ஃபத்ஹுல் முஈன்' பாடத்தில் ரிபாவின் பகுதி வரும்போது மாணவர்களுக்குக் கொட்டாவி வரும். தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி, கைக்குக் கை என்று வாசித்துக்கொண்டு போனால் அவர்களுக்கு ஏதோ பழைய கடைத்தெருக் கதை மாதிரி. இப்போது நான் இந்த இரு சகோதரிகளின் கணக்கைப் பலகையில் எழுதித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். கொட்டாவி நின்றுவிட்டது.

வீட்டில் செய்து பாருங்கள்

சகோதரிகளே, மேலே சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

வெளிநாட்டுச் சாமானின் விலையைப் பார்க்கும்போது டொலர் விலை, வங்கிக் கட்டணம், வரி, தபால் செலவு ஆகிய நாலையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு கண்டி கொழும்பு வீதியிலோ கட்டுகஸ்தோட்டைக் கடைகளிலோ ஒருமுறை விசாரியுங்கள். பல நேரங்களில் நம் ஊர்க் கடையின் விலை அதற்குக் கிட்டவே நிற்கும். பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். பழுதென்றால் மறுநாளே மாற்றலாம்.

வாங்குவதென்று முடிவானால் வியாபாரியின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கட்டணம் குறைந்த அட்டையைப் பயன்படுத்துங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல், மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வரும் வீடானால் வெளிநாட்டு நாணயக் கணக்கைப் பற்றி விசாரியுங்கள்.

சொந்தக்காரர் உங்களுக்காகக் கட்டினால், "இது இத்தனை ரியால் கடன்" என்று நாணயத்தின் பெயரைச் சொல்லி எழுதிக் கொள்ளுங்கள். அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "பிறகு பார்ப்போம்" என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கும். ஒரு மார்ச் மாதம் வந்தால் அதுவே கசந்துவிடும்.

தையல் ஊசியால் சேர்க்கிற காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்கிறது. அது எங்கே போகிறது என்று தெரிந்து செலவிடுவது கஞ்சத்தனம் ஆகாது. அல்லாஹ் தந்த அமானிதத்தைப் பேணுவதாகும். வல்ல அல்லாஹ் உங்கள் கைத்தொழிலிலும், உங்கள் உறவுகளிலும் பரகத்தைத் தருவானாக. ஆமீன்.